கௌதாரி அணி

எங்கள் சாரண அணிக்கு நாங்களே முதலில் வைத்துக்கொண்ட பெயர் சிங்கம். மொத்தம் எட்டுப் பேர். 1986 ஜூன் மாதம், ஒன்பதாம் வகுப்பு. மஞ்சள் துணியில் சிங்கத்தின் தலையை வரைந்து கொடியாக்கிச் சாரண ஆசிரியரிடம் கொண்டுபோய் நீட்டினோம். அவர் எங்கள் கணக்கு வாத்தியார், அதிகம் பேசமாட்டார். கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சிங்கம் எப்படிக் கத்தும்? ஒருத்தன் கத்திக் காட்டுங்க” என்றார். யாருக்கும் தெரியவில்லை. சர்க்கஸ் கூண்டுக்குள் படுத்துத் தூங்கிய ஒன்றை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

பேடன் பவல் சாரண அணிகளுக்கு விலங்கு, பறவைப் பெயர்களை வைக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம். இருட்டிலோ புதர்க்காட்டிலோ பிரிந்துபோனவர்கள் அந்த உயிரின் குரலைக் கொடுத்து ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். “நம்ம ஊர்ல தினமும் காதுல விழுகிற சத்தம் எது?” என்று சார் கேட்டார். “தறிச் சத்தமுங்க சார்” என்றான் எங்களில் ஒருவன். அவன் சொன்னது சரிதான். பல்லடத்தைச் சுற்றி வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடிய காலம் அது. என் அப்பா கூலிக்குக் காடா துணி நெய்தார், அம்மா தறிக்கான நூலைத் தார் சுற்றினார். இரவும் பகலும் அந்தச் சத்தத்தில்தான் படித்தோம், தூங்கினோம்.

“கரண்டு போனா என்ன கேக்கும்?” என்றார் சார்.

கரண்டு போனால் ஊர் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதியில், விடியும் நேரமாக இருந்தால், தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு குரல் எழும். முதலில் மெதுவாகத் தொடங்கி, பிறகு விடாமல் ஏறிக்கொண்டே போகும். அதை எட்டுப் பேரும் கேட்டிருந்தோம். அன்று சாயங்காலமே சிங்கத்தை அழித்துவிட்டுக் கௌதாரியை வரைந்தோம்.

அந்த ஆண்டு சார் எங்களை உலக இயற்கைப் பாதுகாப்புச் சின்னத்துக்குத் தயார் செய்தார். உலக வனவிலங்கு நிதியமும் உலகச் சாரண அமைப்பும் சேர்ந்து 1970-களில் கொண்டுவந்த சின்னம் அது. சாரணர்களுக்குப் படிகள் உண்டு. பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், அதற்கு மேல் ஆளுநர் கையொப்பத்தோடு வரும் ராஜ்ய புரஸ்கார், எல்லாவற்றுக்கும் உச்சியில் குடியரசுத் தலைவர் விருது. இடையிடையே சமையல், முதலுதவி என்று திறமைக்கான சின்னங்கள். சமையலை நாலு ஞாயிற்றுக்கிழமையில் பழகிவிடலாம், முடிச்சுகளை ஒரு வாரத்தில் போட்டுவிடலாம், இந்த இயற்கைச் சின்னம் மட்டும் ஒரு மழைக்காலத்தையாவது பார்த்தாக வேண்டிய வேலை என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே வாழ்வதையெல்லாம் பார்த்து எழுத வேண்டும். அந்த இடத்துக்கு என்ன கேடு வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கையால் ஏதாவது செய்ய வேண்டும்.

நாங்கள் ஊட்டி, ஆனைமலை, முதுமலை என்று பேச ஆரம்பித்தோம். இயற்கை என்றாலே எங்களுக்கு மலையும் யானையும்தான். பல்லடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிற மேட்டாங்காடு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும், மழை ஐப்பசியில் வந்தால் உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் மண்டலம் மாற்றி மாற்றித்தான் விடுவார்கள். இந்த ஊரில் பாதுகாக்க என்ன இருக்கிறது என்று நினைத்தோம். சார் கோபிக்கவில்லை. 1916-இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கியபோது வெள்ளைக்காரச் சாரணரின் தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை கட்டச் சொன்ன கதையைச் சொன்னார். “அவங்க தொப்பிய நம்ம தலைக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. நீங்க காட்ட உங்க ஊருக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. கௌதாரி எங்க குடியிருக்குதுன்னு போய்ப் பாருங்க.”

கௌதாரி குடியிருந்தது இட்டேரியில்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கும். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகும் மண்தடம்தான் இட்டேரி. இரு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. பல இடங்களில் வண்டிச் சக்கரம் உருண்டு உருண்டு தடம் பள்ளமாகியிருக்கும், வேலி இன்னும் உயரமாகத் தெரியும். கிளுவை முள்மரம். குக்குலு தருகிற மரத்துக்கு உறவு. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்த குச்சி போல நிற்கும், ஒரு மழை விழுந்தால் பத்தே நாளில் பச்சைச் சுவராகிவிடும். இலை ஆட்டுக்குத் தீவனம். ஒரு போத்தை வெட்டி மண்ணில் ஊன்றினால் போதும், தண்ணீர் கூட ஊற்ற வேண்டாம், பிழைத்துக்கொள்ளும்.

எங்கள் அப்பாரு (தாத்தா) தோட்டத்துக்கும் பங்காளி வீட்டுப் பெரியப்பா தோட்டத்துக்கும் இடையே அப்படி ஓர் இட்டேரி ஓடியது. தார்ச் சாலையிலிருந்து கிணற்றடி வரை. அதையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஐந்தரைக்கு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து நின்று, பார்ப்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதினோம். அதற்கு முன் ஆயிரம் தடவை அந்த வழியில் நடந்திருக்கிறேன். பிரண்டையும் கோவைக்கொடியும்தான் கண்ணில் பட்டிருந்தன. நின்று பார்க்க ஆரம்பித்த பிறகு முடக்கத்தான், தூதுவளை, வேலிப்பருத்தி, குண்டுமணி, சிறுகுறிஞ்சான், சங்குப்பூ என்று வேலிக்குள் வேலியாகப் பின்னிக் கிடந்தது தெரிந்தது. பாதிக்குப் பெயர் எங்களுக்குத் தெரியாது. அப்பாருதான் சொன்னார். எது கசப்பு, எதை ஆடு தொடாது, எதை ரசம் வைக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்வார், நான் எழுதிக்கொள்வேன்.

உயிர்கள் விஷயத்தில் சார் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், கேட்டதை ‘கேட்டது’ என்று எழுத வேண்டும், பார்க்காததை எழுதவே கூடாது. ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு நோட்டில் இப்படி இருக்கிறது: தவிட்டுக்குருவி ஒரு கூட்டம், ஏழு. செம்போத்து ஒன்று. தேன்சிட்டு இரண்டு. ஓணான் பதினொன்று. சாரைப்பாம்பு ஒன்று, வேலியிலிருந்து இறங்கி எலி வளைக்குள் போனது. கீரி, வால் மட்டும். கௌதாரி, கேட்டது. அடுத்த வாரம் கௌதாரியை நேரில் பார்த்தோம். தாய் முன்னால் நடக்க, பின்னால் கோலிக்குண்டு அளவுக் குஞ்சுகள் நாலு தடத்தைக் குறுக்கே கடந்து கிளுவைக்குள் நுழைந்தன. எட்டுப் பேரில் ஒருவனும் மூச்சு விடவில்லை. ஊரில் ஆனை வந்திருந்தால் கூட அன்றைக்கு நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டோம்.

ஒப்பிட்டுப் பார்க்கவென்று சார் எங்களைச் சாமளாபுரம் குளத்துக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். திருப்பூருக்குள் நுழைவதற்கு முன் நொய்யல் நிரப்பும் குளம் அது. முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் அங்கேதான் முதன்முதலாகப் பெயர் தெரிந்து பார்த்தேன். இதே ஆறு திருப்பூருக்குள் போய்ச் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே போவதைச் சார் கரையில் உட்கார்ந்து சொன்னார். ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி நின்றதும், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதும் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் நடந்தவை. அவர் பேசியது எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது.

கேட்டை நாங்கள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் பெரியப்பா தன் பக்கத்து வேலியை எடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அவர் தோட்டத்தில் பன்னிரண்டு தறிக்கு ஒரு கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. நூல் ஏற்றிவரும் லாரி இட்டேரிக்குள் திரும்பாது. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

அணித்தலைவன் என்ற முறையில் நான்தான் போய்ப் பேச வேண்டும் என்று சார் சொன்னார். தான் கூட வரமாட்டேன் என்றும் சொன்னார். கையில் நோட்டோடு போய் நின்றேன். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் பட்டியலை வாசித்தேன். ஓணான் பதினொன்று என்றதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“ஏங்கண்ணு, உங்கப்பனுக்கு மூணு தறி. எனக்குப் பன்னண்டு தறி போடோணும்னு ஆசை. ஓணானுக்காவ லாரிய ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்றியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டதில் தவறும் இல்லை. மானாவாரி நிலத்தில் சோளமும் கம்பும் பார்த்துச் சலித்த குடும்பங்களுக்குத் தறிதான் முதன்முதலாக மாதாமாதம் கையில் காசு கொடுத்தது. பல்லடத்துக்காரன் எவனும் தறியைக் குறை சொல்லமாட்டான், நானும் சொல்லமாட்டேன். இயற்கையைக் காப்பது என்பது காட்டைத் திருடுகிறவனைப் பிடிப்பது என்று படித்திருந்தேன். நான் பேச வேண்டியிருந்ததோ எனக்குச் சோறு போட்டு வளர்த்த பெரியப்பாவிடம். அன்று வெறும் கையோடு திரும்பினேன்.

மறுநாள் அப்பாருவோடு போனேன். அப்பாரு ஓணானைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. லாரி திரும்ப எத்தனை அடி வேண்டும் என்று கேட்டார். பெரியப்பா அளந்து சொன்னார். அறுபது அடி. “அறுபதடிய எடுத்துக்க. மிச்சம் உன்ற ஆட்டுக்குத் தழை ஆவுது, காத்துக்கு மறைப்பும் ஆவுது. கம்பிக்குச் செலவு பண்ற காச நூல்ல போடு” என்றார். வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பெரியப்பா பேசவில்லை. பிறகு சரி என்றார். நான்கு மாதம் நோட்டில் எழுதிய எதையும்விட அந்தப் பேச்சிலிருந்து நான் கற்றுக்கொண்டது அதிகம்.

அறுபது அடி வேலியை வெட்டிய நாளன்று அணி முழுக்க அங்கே இருந்தது. வெட்டிப் போட்ட கிளுவையைப் போத்துப் போத்தாகத் தறித்து வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துப் பின்பக்க எல்லையில் வரிசையாக ஊன்றினோம். உள்ளங்கை முழுக்க முள் கிழித்தது. நூற்று நாற்பது போத்து. மழை நல்லபடி விழுந்தது. தை மாதம் எண்ணியபோது நூற்றுப் பதினெட்டில் தளிர் இருந்தது. இருபத்திரண்டு பட்டுப்போனது. இரண்டு எண்ணிக்கையும் நோட்டில் ஏறின.

1987 பிப்ரவரியில் கோயம்புத்தூரிலிருந்து தேர்வாளர் வந்தார். வயதானவர், வெள்ளை மீசை, கழுத்துத் துண்டு கொஞ்சமும் கசங்காமல் இருந்தது. பள்ளிக்கூடத்து வேலியை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்த்தார். பட்டுப்போனதை ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டார். எண்ணிக்கைக்காக விட்டிருக்கிறோம் என்றோம். பிறகு அவர் கேட்ட ஒரு கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “இந்தப் புது வேலிக்குக் கௌதாரி வந்துச்சா?”

எட்டுப் பேரும் சாரைப் பார்த்தோம். சார் வேறு பக்கம் பார்த்தார். “இல்லீங்க” என்றேன். “ஓணான் மட்டும் ரெண்டு வந்திருக்குதுங்க.” அறுபது அடி வெட்டிய இடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டார். அங்கே வழக்கமாக வந்த தவிட்டுக்குருவிக் கூட்டம் மார்கழிக்குப் பிறகு வரவில்லை என்று நோட்டைத் திறந்து காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் படித்தார். கடைசியில் நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவதைவிட இருப்பதை விட்டுவைப்பது மேல் என்பது புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றோம். பதினாலு வயதில் எவ்வளவு புரியுமோ அவ்வளவு புரிந்திருந்தது.

சின்னம் ஏப்ரல் மாதம் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறிய துணி வட்டம். அம்மா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு அன்று இரவே சட்டைக் கையில் தைத்துக் கொடுத்தார். நூல் நிறம் ஒத்துப்போகவில்லை என்று பிரித்து இன்னொரு முறை தைத்தார். மறுவருடம் ராஜ்ய புரஸ்காரும் கிடைத்தது. அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. அதைவிட எனக்குப் பெரிது பீரோவில் இருக்கிற அந்தச் சின்னமும் நோட்டும்தான்.

பள்ளிக்கூடத்து வேலி பத்து ஆண்டு நன்றாக வளர்ந்தது. 1990-களின் கடைசியில் சுற்றுச்சுவர் கட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டக் கிளுவை முழுக்கப் பிடுங்கப்பட்டது. சுவர் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, அதில் எனக்கு வாதமில்லை. வேலியை உள்பக்கம் நாலடி தள்ளி விட்டிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் இன்றுவரை இருக்கிறது. கேட்டிருந்தால் நாங்கள் எட்டுப் பேரும் வந்து தள்ளி ஊன்றியிருப்போம்.

இட்டேரிகள் போனதற்கு யாரோ ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது. மாட்டுவண்டி போய் டிராக்டரும் லாரியும் வந்தன. வேலி கழிக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தால் கூலி கட்டவில்லை. வீட்டுக்கு வீடு இருந்த ஆடுகள் குறைந்தன. தோட்டங்கள் கோழிப்பண்ணையாகவும் மனையிடமாகவும் மாறியபோது, வேலி பிடித்திருந்த ஆறடி நிலத்துக்கும் விலை வந்தது. மண்தடங்கள் தார்ச் சாலையாயின. இன்று எங்கள் பக்கத்து விவசாயிகள் எல்லோரும் மயிலைத் திட்டுகிறார்கள். விதைத்ததை மயில் பொறுக்கிவிடுகிறது, நாற்றைக் கொத்திவிடுகிறது என்கிறார்கள். மயில் முட்டையைத் தின்ற குள்ளநரியும் கீரியும் இட்டேரியோடு போய்விட்டன என்பது அவர்கள் சொல்லும் காரணம். என் நோட்டில் அந்த ஆண்டு முழுக்க மயில் என்ற சொல்லே இல்லை. இப்போது மொட்டை மாடியில் காலையில் மூன்று நிற்கின்றன.

நல்லதும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ திட்டத்தில் பல லட்சம் மரக்கன்றுகளை நட்டிருக்கிறார்கள், பனியன் தொழில் செய்கிறவர்கள் தங்கள் காசைப் போட்டு முன்னால் நிற்கிறார்கள். சர்க்கார் பெரியபாளையம் நஞ்சராயன் குளத்தை 2022-இல் தமிழ்நாட்டின் பதினேழாவது பறவைகள் சரணாலயமாக்கினார்கள். 2024 ஆகஸ்டில் அது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தச் செய்தி வந்த அன்று சாமளாபுரம் குளக்கரையில் சார் முக்குளிப்பானைக் காட்டியது நினைவுக்கு வந்தது. 2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் பாரத சாரணர் வைரவிழா ஜம்போரி நடந்தபோது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சீருடையில் நிற்கும் படங்களைப் பார்த்தேன். அவர்களில் எத்தனை அணிகளுக்குத் தங்கள் பெயரின் குரல் தெரியும் என்று கேட்கத் தோன்றியது.

குளத்துக்குச் சரணாலயம் என்று அறிவிப்பு உண்டு, காட்டுக்கு வனத்துறை உண்டு. வேலிக்கு யாரும் இல்லை. அது இரண்டு பங்காளிகளின் மனசில் மட்டும் இருக்கிறது. ஒருவர் மனம் மாறினால் ஒரே நாளில் போய்விடும். நடுவிழாக்களுக்கு வரும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பேராவது, இருக்கிற வேலியை எடுக்காதே என்று ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசப் போனால் நன்றாக இருக்கும். லாரிக்கு எத்தனை அடி வேண்டும் என்று கேட்டபடியே பேசத் தொடங்கலாம்.

பெரியப்பா இல்லை, அப்பாருவும் இல்லை. இட்டேரியில் பெரியப்பா பக்கம் முழுக்கச் சுவராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இருநூறு அடிக் கிளுவை மிச்சமிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை நானே கழிக்கிறேன். கழித்த போத்துகளை வீணாக்குவதில்லை, நிழலில் சாய்த்து வைத்திருப்பேன். பல்லடம், பொங்கலூர், சூலூர் பக்கத்துப் பள்ளிகளில் சாரணர் அணியோ பசுமைப்படையோ நடத்தும் ஆசிரியர்கள் இதைப் படித்தால், ஆடிக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். ஆளுக்கு ஒரு நோட்டு மட்டும் கொண்டு வாருங்கள். காலை ஐந்தரைக்கு வந்தால் கௌதாரியும் கேட்கும்.